மாமா ஓட்டிய இருபத்தேழாம் நம்பர்

மாமா இறந்து பதினோரு மாதங்கள் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அத்தை என்னைத் தனியாகப் பிடித்தார். என் மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் இருக்கும்வரைதான் பேச முடியும் என்பதுபோல அத்தை அவசரப்பட்டார்.

"மாப்பிள்ளை, ஒரு நாள் லீவு போட முடியுமா? அரை நாள் போதும்."

"போடலாம் அத்தை. எங்க போகணும்?"

"இருபத்தேழுல போகணும். இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும்."

இருபத்தேழு என்பது மாமா முப்பத்திரண்டு வருடம் ஓட்டிய பேருந்து. ரயில் நிலையத்தில் கிளம்பி, ஆற்றங்கரையோடு போய், பழைய பாலத்தைத் தாண்டி, ஊரின் மறு எல்லையில் உள்ள நீரேற்று நிலையத்தில் முடியும். முப்பத்தெட்டு நிறுத்தங்கள். ஒரு மணி பத்து நிமிடம்.

"எதுக்கு அத்தை?"

"கண்ண மூடினா ஆஸ்பத்திரி முகம்தான் வருது. கன்னம் ஒட்டிப்போய், வாயத் திறந்துகிட்டு. நாப்பது வருஷம் கூட இருந்த முகம் எங்க போச்சுன்னே தெரியல. அஞ்சு மாசம் படுக்கைல கெடந்த முகம் வந்து வாசலடைச்சு உக்காந்துகிட்டு, உள்ள இருக்கறவர வெளிய விடமாட்டேங்குது."

"ஃபோட்டோ எல்லாம் இருக்கே."

"ஃபோட்டோவுக்குன்னு தனியா ஒரு மூஞ்சி வெச்சிருந்தார். அது அவர் மூஞ்சியா? திருட்டுக் கேஸ்ல பிடிபட்டவன் மூஞ்சி."

நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. பெண்ணையோ பையனையோ அழைத்துக்கொண்டு போகாமல் ஏன் என்னிடம் கேட்கிறார் என்று தோன்றியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"அவங்கள கூட்டிட்டுப் போனா ரெண்டாவது ஸ்டாப்லயே அழ ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் நான் அவங்களத் தேத்தணும். எனக்கு ஜன்னலுக்கு வெளிய பாக்கணும் மாப்பிள்ளை. நீங்க அழமாட்டீங்க."

குழாய் நின்றது. "நாளன்னிக்கி போலாம். ஞாயித்துக்கிழமை ரோடு வேற, வேலை நாள் ரோடு வேற" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, அத்தை தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

நான் அழமாட்டேன் என்பது ஒரு வகையில் உண்மை. அழுவதற்கு எனக்கு முறை வரவில்லை. மாமா போன அன்று ஆஸ்பத்திரித் தாள்களில் கையெழுத்துப் போட்டவன் நான். நாற்காலிகளுக்கும் டீக்கும் சொன்னவன் நான். வெளியூரிலிருந்து வந்த மச்சானை நிலையத்தில் போய் அழைத்து வந்தவனும் நான்தான். வந்தவர்கள் எல்லாம் என் தோளைத் தட்டி ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். "நீங்கதான் இவங்களுக்குத் தைரியம் சொல்லணும்." சொன்னேன். பதினோரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது மாதத்தில் ஒரு முறை மட்டும் இடறியது. மாமாவின் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. நீலக் கோடு போட்ட சட்டை எனக்கு வேண்டும் என்றேன். என் மனைவி தனக்கு வேண்டும் என்றாள். எப்படியோ வார்த்தை தடித்தது. "உங்களுக்கு என்ன? அவர் உங்க அப்பாவா?" என்று கேட்டுவிட்டாள். அன்று மாலையே கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்பும் கேட்டாள். துக்கம் தாங்காமல் வந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும். ஆனால் அது நியாயமான கேள்வியாக இருந்தது. அதுதான் சங்கடம். இருபது வருடம் முன்புவரை எனக்கு முன்பின் தெரியாத ஒரு மனிதர். அவர் போனதற்கு நான் எவ்வளவு உடைந்து போகலாம்? அளவு எனக்குத் தெரியவில்லை.

என் அப்பா அம்மா இருவரும் எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். சித்தப்பா வீட்டில் வளர்ந்தேன். அவரும் பிழைப்பைத் தேடிக் கடல் தாண்டிப் போனார். நான் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலைக்குச் சேர்ந்தேன். அதே கடையில் முன்பக்கம் உட்கார்ந்து வருபவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டியவள்தான் என் மனைவி. ஒரு நாள், "எங்க வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட நேரா கேளுங்க. ஆனா தயவுசெஞ்சு அந்தப் பச்சைச் சட்டைய போட்டுகிட்டு வராதீங்க" என்றாள்.

போனேன். மாமா அப்போதுதான் வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தார். கூடத்தில் ஒரு பக்கம் மாமா, அத்தை, பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மச்சான். எதிர்ப்பக்கம் ஒரே நாற்காலி, அதில் நான்.

"உங்க பக்கம் யாரும் வரலியா?" என்று அத்தை கேட்டார்.

"எங்க பக்கம்னா நான் மட்டும்தாங்க."

மாமா எங்கள் இரண்டு பக்கங்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்க்கிற டிரைவரின் பார்வை அது. எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அத்தையைப் பார்த்து, "சரி, நாங்க மாப்பிள்ளை வீடு. எங்க பையனுக்கு உங்க பொண்ணக் கேட்டு வந்திருக்கோம். என்ன சொல்றீங்க?" என்றார்.

"உங்களுக்கு மரை கிரை கழண்டு போச்சா?"

"பொண்ணுக்கு சமைக்கத் தெரியுமா?"

"தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பரவால்ல, எங்க பையன் சமைப்பான். நாங்க அனுசரிச்சுப் போறவங்க." என் பக்கம் திரும்பி மெல்லிய குரலில், "சமைப்பீங்கதானே?" என்றார்.

அன்றைக்கு என் பக்கம் போட்ட நாற்காலியை அவர் பிறகு எடுக்கவே இல்லை. எனக்கும் என் மனைவிக்கும் எப்போது சண்டை வந்தாலும், அவள் கைப்பேசியில் அப்பாவை அழைத்து முறையிட்டாலும், அவருடைய பதில் ஒன்றுதான். "நான் மாப்பிள்ளை வீட்டுக்காரன்மா. பொண்ணு வீட்டுப் பஞ்சாயத்த உங்க அம்மாகிட்ட வெச்சுக்கோ." அவள் பல்லைக் கடிப்பாள். பிறகு சிரிப்பாள்.

தினமும் காலை ஏழு மணிக்கு என்னைக் கூப்பிடுவார். விசேஷமாக ஒன்றும் இருக்காது. "மாப்பிள்ளை, அங்க வானம் எப்படி இருக்கு?"

"மாமா, நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நாலு கிலோமீட்டர்தான்."

"அதான் கேக்கறேன். நாலு கிலோமீட்டர்ல என்ன வேணா நடக்கும். டிரைவரக் கேளுங்க."

மழை வரும்போல் இருக்கிறது என்றோ வெயில் என்றோ சொல்வேன். "சரி, குடை எடுத்துக்குங்க" அல்லது "சரி, தண்ணி எடுத்துக்குங்க" என்பார். வைத்துவிடுவார். இருபது நொடிகூட வராத அந்தப் பேச்சு பத்தொன்பது வருடம் நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தும் நடந்தது. அங்கே ஜன்னல் இல்லாத அறை. அதனால் அப்போது மட்டும் அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை அத்தையை மூட்டு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஏழு நாற்பது வண்டி. அது மாமாவுடைய வண்டி. அவர் ஓட்டிய நேரம் இன்னும் மாறவில்லை.

வண்டிதான் மாறியிருந்தது. புகை இல்லை, சத்தம் இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் பதிவு செய்த ஒரு பெண் குரல் பெயரைச் சொன்னது. ஓட்டுநர் இருக்கையில் முப்பது வயதுள்ள ஒரு பெண் இருந்தார். அத்தை அவருக்கு நேர் பின்னால் இருந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவதான் ஏறியிருக்கேன்" என்றார் அத்தை. "கல்யாணம் ஆன புதுசு, அவர் வேலைக்குச் சேர்ந்த புதுசு. கண்ணாடில என்னப் பாத்துகிட்டே ஓட்டி, ஒரு ஸ்டாப்ப நிறுத்தாம போயிட்டார். வண்டியே கத்துச்சு. மூணாவது ஸ்டாப்ல என்ன எறக்கி விட்டுட்டார். முப்பத்தஞ்சு உசுரு என் கைல இருக்கு, இனிமே நீ என் வண்டில ஏறாதன்னார்."

"அதுக்கப்புறம் ஏறவே இல்லையா?"

"ஏறல. நமக்கெதுக்குப் பழி?"

ஏறவில்லையே தவிர, அத்தைக்கு அந்தத் தடத்தில் தெரியாதது எதுவும் இல்லை என்பது பத்து நிமிடத்தில் எனக்குப் புரிந்தது. மாமா தினமும் இரவுச் சாப்பாட்டில் அன்றைய ஓட்டத்தை நடித்துக் காட்டுவார். தட்டைச் சுழற்றி ஸ்டீயரிங் ஆக்குவார். தண்ணீர்க் குவளை பாலம், உப்பு டப்பா சிக்னல். நானும் பார்த்திருக்கிறேன். நான் சிரித்துவிட்டு மறந்தேன். அத்தை ஒன்றைக்கூட மறக்கவில்லை.

"நூலகம்" என்றது பதிவுக் குரல்.

"நூலகம் என்ன நூலகம். அவர் தூங்குமூஞ்சி ஸ்டாப்புன்னுவார். இங்க ஏறறவங்க எல்லாம் தூங்கிகிட்டேதான் ஏறுவாங்களாம்."

ஏறிய ஆறு பேரில் நான்கு பேர் கொட்டாவி விட்டார்கள். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பெருமை.

"இப்ப வலது பக்கம் பூட்டு ரிப்பேர் கடை வரும். கடைக்காரர் ஷட்டரத் தூக்கிகிட்டே கை காட்டுவார்." அங்கே கைப்பேசிக் கடை இருந்தது. ஒரு இளைஞன் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தான். அத்தை அவனுக்குக் கை காட்டினார். அவன் குழம்பிப்போய்ப் பதிலுக்குக் காட்டினான்.

ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே அத்தையின் உடம்பு சாய்ந்தது. கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தாலும் கை தானாக முன் கம்பியைப் பிடித்தது. இடது, பிறகு நீண்ட வலது, பிறகு சட்டென்று ஒரு பள்ளம். வண்டி குலுங்கியபோது எல்லோரும் தடுமாறினோம், அத்தை தடுமாறவில்லை.

ஆற்றங்கரை வந்ததும் அவர் குரல் மாறியது. "மணி என்ன?"

"எட்டு பதினேழு."

"மஞ்சள் வீடு வரும். பாத்துகிட்டே இருங்க."

மஞ்சள் வீட்டம்மாவை எனக்கும் தெரியும். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆற்றோர வளைவில் மஞ்சள் வீட்டு ஜன்னலில் தினமும் சரியாக எட்டு இருபதுக்கு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார் என்றும், வண்டியைப் பார்த்தால்தான் அவருக்கு அன்றைய நாளே தொடங்கும் என்றும், தான் இரண்டு முறை ஹாரன் அடிப்பதாகவும் மாமா சொல்வார். அந்த அம்மா எந்த நிறத்தில் உடுத்தியிருந்தார், முகம் வாட்டமா மலர்ச்சியா என்பது வரைக்கும் செய்தி வரும். அத்தைக்கு மூக்கின்மேல் கோபம் வரும். "அவளே உங்களுக்குச் சோறு போடுவா, போங்க" என்று தட்டை இழுத்துக்கொள்வார். மாமா தட்டு இல்லாத இடத்தில் காற்றில் ஸ்டீயரிங்கைத் திருப்புவார். இருபது வருடம் நடந்த சண்டை அது.

வளைவு வந்தது. ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் நீண்ட கருங்கல் மதில், அதன் பின்னால் மரக்கிடங்கு. வீடு என்று ஒன்றும் இல்லை. வண்டி வளைந்து போய்விட்டது.

அத்தை திரும்பித் திரும்பிப் பார்த்தார். அடுத்த சிக்னலில் வண்டி நின்றபோது, முன்னால் குனிந்து ஓட்டுநரைக் கேட்டார். "ஏம்மா, அந்த வளைவுல ஒரு மஞ்சள் வீடு இருக்குமே, இடிச்சிட்டாங்களா?"

"அங்க வீடே கிடையாதுங்கம்மா. நான் சின்னப் பிள்ளையிலேருந்து இந்தப் பக்கம்தான். எப்பவுமே மதில்தான்."

பாலம் வந்தது. எதிரே ஒரு லாரி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மாமா சொன்ன பாலம். லாரி வந்தது. அத்தை கவனிக்கவில்லை. கடைசி ஆறு நிறுத்தங்களுக்கு அவர் தன் கைப்பையின் பித்தானைத் திறந்து மூடிக்கொண்டே வந்தார்.

நீரேற்று நிலையத்தில் எல்லோரும் இறங்கினோம். பேருந்துகள் திரும்பும் மைதானம், ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் நீளமான ஓட்டுக் கட்டடம், நேரம் குறிப்பவருக்கு ஒரு சிறிய அறை. அந்த அறையில் இருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தார். மாமாவோடு இருபத்தோரு வருடம் கண்டக்டராக இருந்தவர். அவரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது முழங்கால் போய், நேரம் குறிக்கும் வேலையில் இருந்தார்.

"அண்ணி! நீங்க எங்க இங்க? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே" என்று பரபரத்தார். எங்களை ஓய்வறைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்து டீ வரவழைத்தார். நீளமான பெஞ்சு, சுவரில் ஒரு கடிகாரம், கம்பியில் காயும் துண்டுகள். நாலைந்து ஓட்டுநர்கள் தள்ளி உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்கள்.

"யாரு தெரியுமில்ல? நம்ம அன்னநடை வீட்டம்மா" என்றார் விசில். அவர்கள் எழுந்து நின்றார்கள்.

மாமாவுக்கு அங்கே அன்னநடை என்று பெயர். அவ்வளவு மெதுவாக ஓட்டுவாராம். "பூனை குறுக்க போனா மத்தவங்க சகுனம் பாப்பாங்க. இவர் வண்டிய நிறுத்தி, பூனை பத்திரமா போய்ச் சேந்துச்சான்னு பாப்பார்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் மரியாதைக்குச் சிரித்தார். பிறகு டீக் குவளையைக் கீழே வைத்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். மஞ்சள் வீட்டம்மான்னு ஒருத்திக்கு அவர் ஹாரன் அடிப்பாராமே. அங்க வீடே இல்லங்கறாங்க. யார் அவ?"

விசில் திருதிருவென்று விழித்தார். "மஞ்சள் வீடா? அப்படி யாரும் இல்ல அண்ணி."

"ஹாரன் அடிப்பாரா இல்லையா?"

"அடிப்பாரு. ஆத்து வளைவுல. ரெண்டு தடவ. ஒரு நாள் தவறாது."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

அத்தை அவரையே பார்த்தார்.

"அந்த வளைவுலேருந்து பாத்தா ஆத்துக்கு அந்தப் பக்கம் சலவை ஆலை தெரியும்ல? நீங்க அங்கதானே வேலை பாத்தீங்க. நான் சேர்ந்த மொத வாரமே கேட்டேன். யாருக்கு அண்ணே ஹாரன்னு. வீட்டுக்காரிக்குன்னாரு. இங்க அடிச்சா அங்க எப்படிண்ணே கேக்கும், அரை மைல் இருக்கேன்னேன். அவளுக்குக் கேக்க வேணாம்டா, நான் அடிச்சா போதும்னாரு."

கம்பியில் தொங்கிய துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க வேலைய விட்டப்புறமும் கொஞ்ச நாள் பழக்கதோஷத்துல அடிச்சிட்டிருந்தாரு. அப்புறம் அவரே நிறுத்திட்டாரு" என்றார் விசில்.

"நான் வேலைய விட்ட மாசம்தான்" என்று அத்தை மெதுவாகச் சொன்னார், எங்களிடம் அல்ல. "மஞ்சள் வீட்டம்மா வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டான்னு வந்து சொன்னார். ஒழிஞ்சுது சனியன்னேன்." பிறகு குரல் உயர்ந்தது. "ஏன் தம்பி, இருபது வருஷம்! எத்தன நாள் தட்டப் பிடுங்கியிருக்கேன்! வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன, முத்தா உதுந்துடும்?"

"சொல்ல வெக்கமா இருந்திருக்கும் அண்ணி" என்றார் விசில்.

"வெக்கமாம் வெக்கம். எல்லாரும் சேந்து என்ன முட்டாளாக்கிட்டீங்க" என்று அத்தை எழுந்தார். கோபம் உண்மையான கோபமாகத்தான் இருந்தது. அந்தக் கோபத்தோடேயே அவர் விசிலின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, விடாமல் நின்றார்.

திரும்பி வரும்போது ஆற்று வளைவுக்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாம் என்றார். இறங்கி, மதிலோரமாகப் பின்னால் நடந்தோம். வளைவில் நின்று பார்த்தால் ஆற்றுக்கு அப்பால் சலவை ஆலை நன்றாகத் தெரிந்தது. நீளமான கூரை, மூன்று புகைபோக்கிகள். ஒன்றிலிருந்து வெள்ளையாக நீராவி போய்க்கொண்டிருந்தது. ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் விடுதிகளின் விரிப்புகளும் அங்கேதான் வருகின்றன. அத்தை இருபத்திரண்டு வருடம் அங்கே விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் உருளை இயந்திரத்தில் நின்றவர்.

"எட்டு மணிக்கு மெஷின் போட்டாங்கன்னா பக்கத்துல நிக்கறவ பேசறதே கேக்காது" என்றார். "நாங்க எல்லாம் சைகைலதான் பேசிப்போம். அந்தச் சத்தத்துல இடி விழுந்தாலும் தெரியாது. இவர் இங்க நின்னு பாம் பாம்னு அடிச்சாராம்."

அவர் கையை நெற்றிமேல் வைத்து அந்தக் கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாமா இந்த இடத்தைத் தாண்டிய ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரிந்தது. மழையில், வெயிலில், முப்பத்தைந்து பேரைச் சுமந்துகொண்டு, கேட்காது என்று தெரிந்தே அடித்த ஹாரன். என்னை ஏழு மணிக்குக் கூப்பிட்டதும் இதே கைதானே என்று தோன்றியது. அவ்வளவுதான். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என்னுடைய சத்தம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மதிலில் கை வைத்துக்கொண்டு, நாற்பத்தைந்து வயதில், நடைபாதையில் நின்று, போவோர் வருவோர் பார்க்க அழுதேன்.

அத்தைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முதலில் என் பையை வாங்கிக்கொண்டார். பிறகு, "மாப்பிள்ளை, என்ன இது" என்றார். பிறகு பக்கத்தில் வந்து நின்றார். சைக்கிளில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்தபோது, "ஒண்ணுமில்ல, நீங்க போங்க" என்று அதட்டினார்.

அழுகை அடங்கியதும், சட்டைக்காக நடந்த சண்டையை அவரிடம் சொன்னேன். அவர் என் அப்பாவா என்று கேட்ட கேள்வியையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாத விஷயம். அத்தை தன் பெண்ணுக்காகப் பரிந்து பேசவும் இல்லை, திட்டவும் இல்லை.

"அவ கேட்டது சரிதான். அவர் உங்க அப்பா இல்ல" என்றார். "என்ன உறவுன்னு எனக்கும் சொல்லத் தெரியல. ஆனா ஒண்ணு சொல்றேன். காலைல எழுந்ததும் நான் டீயக் கையில வெச்சுகிட்டு நிப்பேன். ஆறிப்போயிடும். மொதல்ல உங்களக் கூப்ட்டுப் பேசிட்டுதான் வந்து வாங்குவார். அந்தப் பையனுக்கு எழுந்ததும் விசாரிக்க ஆள் இல்லடீன்னுவார். நாப்பது வயசு ஆம்பளைக்கு என்ன விசாரணைன்னு நான் சண்டை போடுவேன்." என் பையைத் திருப்பிக் கொடுத்து, "எனக்குப் பொறாமையா இருக்கும். மஞ்சள் வீட்டுக்காரிமேல இருந்ததவிட உங்கமேலதான் ஜாஸ்தி" என்றார்.

அடுத்த இருபத்தேழு வந்தது. கூட்டம். இருவருக்கும் உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தோம்.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பொய்க்குக் கோபித்துக்கொண்டாள். தன்னை விட்டுவிட்டுப் போனதற்கு அதைவிடக் கோபித்துக்கொண்டாள். ஹாரன் கதைக்கு வந்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மஞ்சள் வீடே இல்லையா? நான் அந்த அம்மாவுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட வரைஞ்சு குடுத்திருக்கேன், அப்பாகிட்ட" என்றாள். சிரித்தாள், அழுதாள். அந்த வாரமே வெள்ளிக்கிழமை கடைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, ஏழு நாற்பது வண்டியில் தனியாகப் போய் வந்தாள். என்ன பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை.

அத்தைக்கு மட்டும் முகம் வரவில்லை. நாங்கள் போய் வந்ததில் அவருக்கு மாமாவைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரிந்ததே தவிர, கண்ணை மூடினால் அதே ஆஸ்பத்திரி முகம்தான் என்றார். நானும் மேலே என்ன செய்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழிந்தது. ஒரு வியாழக்கிழமை பிற்பகல், கடையில் நான் ஒரு லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அத்தை.

"மாப்பிள்ளை, வந்துட்டார்!"

"யாரு அத்தை?"

"வேற யாரு, உங்க மாமாதான். சமையலறைல கத்திரிக்கோலக் காணும்னு தேடிகிட்டிருந்தேன். இழுப்பறை எல்லாத்தையும் கொட்டிட்டேன். சட்டுனு பின்னாடி அவர் நிக்கற மாதிரி இருந்துச்சு. முழு முகம். கோவமா! மூக்கு நுனி செவந்து, கண்ணாடி நெத்தில ஏறிப்போய், எடுத்த சாமான எடுத்த எடத்துல வெக்க மாட்டீங்களான்னு கத்துவாரே, அந்த முகம். நல்லா, குண்டா, கோவமா வந்தார் மாப்பிள்ளை."

அத்தையின் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் ஒரு வருடமாகக் கேட்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தினேன். முன்பக்கத்திலிருந்து யாரோ கண்ணாடி தயாரா என்று கேட்டார்கள். கொஞ்சம் இருக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அத்தை, கத்திரிக்கோலத் தேடினதுலேருந்து சொல்லுங்க" என்றேன். "மெதுவா சொல்லுங்க."